காவல் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்: வேப்பிலை எதுவரை, மருந்து எதுவரை?

தோட்டத்து நாய் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நம்மில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெயில் என்போம், எதையாவது தின்றிருக்கும் என்போம். அது ஒரே இடத்தில் சுருண்டு படுத்து, மூக்கிலிருந்து ரத்தம் கசியும்போதுதான் மருத்துவர் நினைவுக்கு வருகிறார்.

காட்டுப்பன்றி, குரங்கு என வெள்ளாமைக்கு வரும் தொல்லைகளை விரட்டுவதும், பட்டியில் அடைத்த ஆடுகளுக்குக் காவல் இருப்பதும் அந்த நாய்தான். மாட்டுக்கு நோய் வந்தால் அன்றே மருந்தகத்துக்கு ஓடும் நாம், நாய்க்கு மட்டும் கைவைத்தியத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கைவைத்தியம் தவறில்லை. அது எங்கே உதவும், எங்கே உதவாது, எங்கே உயிருக்கே உலை வைக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து நாய்களை அதிகம் வாட்டும் நாள்பட்ட நோயான உண்ணிக் காய்ச்சலை வைத்து இதைப் பார்ப்போம்.

நோய் எப்படி வருகிறது?

பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது ‘எர்லிச்சியா கேனிஸ்’ என்ற பாக்டீரியா நாயின் ரத்தத்தில் சேர்கிறது. இது வெள்ளை அணுக்களுக்குள் தங்கிப் பெருகும். மனிதர்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் வேறு நோய். அது வேறு கிருமியால், ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது.

கடித்த 1 முதல் 3 வாரங்களில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை தெரியும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துச் சூடு என்று முடிவு செய்யாமல் வெப்பமானியில் பாருங்கள்.

இரண்டாவது கட்டம்தான் ஏமாற்றக்கூடியது. காய்ச்சல் தானாகவே தணியும். நாய் சாப்பிடும், ஓடும். கிருமியோ உள்ளே இருக்கும். மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் இப்படியே போகும். மூன்றாவது கட்டத்தில் எலும்பு மஜ்ஜை பழுதாகி, ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறைகிறது. ஈறு வெளுக்கும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மூக்கில் ரத்தம் வரும். இந்த நிலையில் காப்பாற்றுவது மிகக் கடினம்.

மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள்

ரத்தத்தில் உள்ள இந்தக் கிருமியைக் கொல்லும் மூலிகை எதுவும் நம் கையில் இல்லை. மருத்துவர்கள் கொடுப்பது ‘டாக்ஸிசைக்ளின்’ என்ற எதிர்உயிரி மருந்து. எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார். வழக்கமாக 28 நாள் கொடுக்க வேண்டும். பெரும்பாலான நாய்கள் சில நாளிலேயே தெளிந்துவிடும். தவறு நடப்பது அங்கேதான்.

கரிசல் மண்ணில் மானாவாரி மக்காச்சோளம் பார்க்கப் போன ஊரில் ஒரு சிப்பிப்பாறை நாய். பத்து நாள் மாத்திரை தந்ததும் எழுந்து ஓடியதால், மீதி மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து மூக்கில் ரத்தம் வந்தது. மருத்துவரிடம் போனபோது காலம் கடந்திருந்தது. அந்தப் பருவத்தில் அவர்களுடைய கதிர்களைப் பன்றிகள் உழுது போட்டன. மீதமிருந்த மாத்திரையின் விலை ஒரு மூட்டை மக்காச்சோளத்தின் விலைகூட இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். மாத்திரையைப் பாலிலோ தயிரிலோ கலந்து கொடுப்பது நம் வழக்கம். பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னர் தண்ணீர் குடிக்க வையுங்கள். மாத்திரை தொண்டையில் தங்கினால் புண்ணாகும்.

வேப்பிலை எங்கே உதவும்?

வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியையும் தோலுரிப்பையும் தடுக்கும் என்பது பயிருக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கும் உங்களுக்குத் தெரியும். நாயின் தோலுக்கும் இது துணை செய்யும். இரண்டு கைப்பிடி வேப்பிலையை 2 லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, நன்கு ஆறியபின் வடிகட்டி, வாரம் ஒருமுறை குளிக்கும்போது கடைசியாக மேலே ஊற்றுங்கள். அரிப்பு தணியும். காயும்வரை நக்க விடாதீர்கள். சினை நாய்க்கும் சிறு குட்டிக்கும் வேண்டாம். வேப்பெண்ணெயை அப்படியே பூசக் கூடாது. நக்கினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

வேப்பிலை உண்ணியைக் குறைக்குமே தவிர முழுதாக ஒழிக்காது. உண்ணி அதிகமுள்ள இடங்களில், 1 முதல் 3 மாதம் வரை பாதுகாப்புத் தரும் உண்ணி மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாட்டுக்குச் செய்வது நாய்க்கு ஆகாது

மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது பலருக்குக் கைவந்த வைத்தியம். மாட்டு உண்ணிக்குப் பூண்டு, வசம்பு, உண்ணிச்செடி இலை சேர்த்து அரைத்துத் தெளிப்பதும் உண்டு. இவற்றை நாய்க்குப் போடாதீர்கள். உடம்பில் பூசியதையெல்லாம் நாய் நக்கிவிடும். சுண்ணாம்பு வாயைப் பொக்கும். கற்றாழையின் மஞ்சள் பால் பேதியாக்கும்.

பூண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். உண்ணி அண்டாது, குடற்புழு போகும் என்று தினமும் பூண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உண்ணிக் காய்ச்சலால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு இது இரட்டை அடி. குழம்புச் சோறும் இதில் அடக்கம்.

கற்பூரம் கலந்த எண்ணெய் நக்கும்போது வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். மண்ணெண்ணெயும் வண்டியிலிருந்து இறக்கிய கழிவு எண்ணெயும் தோலைப் பொசுக்கும். பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை நாய் மேல் தடவவே கூடாது. வாயில் நுரை, நடுக்கம், மூச்சுத்திணறல் என்று சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். நமக்கு வாங்கிய வலி மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள்; குடற்புண்ணும் சிறுநீரகப் பழுதும் ஏற்படும்.

உண்ணி இருப்பது சுவரில்

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையில் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை அறுப்பதுபோல இங்கும் செய்ய வேண்டும். நாயின் மேல் தெரியும் உண்ணிகள் மொத்தத்தில் சிறு பங்குதான். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மாதமே மறுபடி ஏறிவிடும்.

நாய் படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். அது காயும்வரை நாயை வேறு இடத்தில் கட்டுங்கள். படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் நனைத்து வெயிலில் காயப் போடுங்கள். முட்டைகள் அடுத்தடுத்துப் பொரிக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். வீட்டில் எத்தனை நாய் உண்டோ அத்தனைக்கும் ஒரே நேரத்தில் உண்ணி மருந்து கொடுங்கள்.

ஒட்டியிருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தீக்குச்சியால் சுட வேண்டாம்.

உணவும் கவனிப்பும்

நோயிலிருந்து மீளும் நாய்க்கு ஒரே வேளையில் நிறையப் போடாமல், சிறிது சிறிதாக மூன்று நான்கு வேளை கொடுங்கள். குழைந்த சோற்றோடு வேகவைத்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழிக்கறியோ போதும். வெங்காயம், பூண்டு, மசாலா வேண்டாம். உணவில் ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்க்கலாம். மூக்கில் ரத்தம் வரும் நாளில் அதையும் தவிருங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் சிறுநீரகம் பாதித்திருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

28 நாள் முடிந்தபின் எப்போது மறுபடி ரத்தப் பரிசோதனை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயிர்க் குறிப்பேட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, மாதம் ஒருமுறை எடை, ஈறின் நிறம், பசி ஆகியவற்றை எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. களப்பணியாளர்கள் வயலுக்குப் போகும்போது அங்குள்ள நாயையும் ஒரு பார்வை பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கு நாயைக் கொண்டுவரச் சொல்லும்போதே, உண்ணிக்கும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்று மாலை சோறு வைக்கும்போது நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால், நாளைக் காலை முதல் வேலை கால்நடை மருந்தகம்தான்.