மின்விசிறியை நிறுத்தியபின் கேட்ட இசை

துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் சென்ற ஆண்டு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2003ல் அறிமுகப்படுத்திய எச்டி 650 மாடல் அது. புதிதாக வாங்க வசதியில்லை. ஒருவர் சில ஆண்டுகள் பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் செருகி, இளையராஜா 1986ல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பைப் போட்டேன். வயலின்கள் அறை முழுவதும் பரவும் என்று எதிர்பார்த்தேன். எங்கோ தொலைவில் கேட்பதுபோல் மெலிந்து ஒலித்தன. அடித்தள ஒலியே இல்லை. இதற்காகவா இத்தனை மாதம் பணம் சேர்த்தோம் என்று இருந்தது.

நான் வாங்கியது ‘ஓப்பன் பேக்’ வகை, அதாவது பின்புறம் திறந்த ஹெட்ஃபோன். வழக்கமான ஹெட்ஃபோனில் காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் அடைத்திருக்கும். இதில் வலைக்கம்பி மட்டுமே இருக்கும். உள்ளே எழும் ஒலி சுவரில் மோதித் திரும்பாமல் வெளியேறிவிடுவதால், இசை தலைக்குள் அடைபடாமல் சுற்றிலும் விரிவதுபோல் தோன்றும். அதற்கு ஒரு விலையும் உண்டு. உள்ளே உள்ள பாட்டு வெளியே கேட்கும், வெளியே உள்ள சத்தம் உள்ளே வரும். எம்ஆர்டி பயணத்துக்கோ நூலகத்துக்கோ இது ஒத்துவராது.

எங்கள் வீவக வீட்டில் நானும் தங்கையும் ஒரே அறையில்தான் படிக்கிறோம். மேலே மின்விசிறி, சன்னலுக்கு வெளியே சாலை. இந்தச் சத்தங்களை மீறிக் கேட்பதற்காக ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனேன். ஓர் இரவு தங்கை பொறுமையிழந்தாள். “அண்ணா, உங்க பாட்டு எனக்கும் கேட்குது. நான் எப்படிப் படிக்கிறது?” அன்று படுக்கையில் விழுந்தபோது என் காதுகளில் ஒரு மெல்லிய ரீங்காரம் நெடுநேரம் நிற்கவில்லை. கொஞ்சம் பயந்துவிட்டேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலைத் தேடிப் படித்தேன். 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபெல் கூடினால் பாதுகாப்பான நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கெட்டுப்போன ஹெட்ஃபோனை மாற்றலாம். காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய முடியணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. 900 வெள்ளிக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பொறியியல் படிக்கும் நண்பன்தான் தடுத்தான். “முதலில் காசு செலவாகாத காரியங்களை எல்லாம் செய்து பார்” என்றான்.

முதலில் என் மூக்குக்கண்ணாடி. அதன் தடித்த சட்டம் காதுமெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே சந்து விட்டிருந்தது. அந்த இடைவெளியில் அடித்தள ஒலி கசிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் வேறுபாடு தெரிந்தது. அடுத்து காதுமெத்தைகள். பழையவை அமுங்கித் தட்டையாகியிருந்தன. மெத்தை தட்டையானால் காது ஒலிக்கருவிக்கு நெருக்கமாகிறது, ஒலியின் சமநிலையும் மாறிவிடுகிறது. புது மெத்தைகளைப் பொருத்தினேன்.

பிறகு மின்சக்தி. எச்டி 650இன் மின்மறுப்பு 300 ஓம். பல ஹெட்ஃபோன்களுக்கு அது 32 ஓம் அளவில்தான் இருக்கும். 300 ஓம் என்பதால் இதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. ஆனால், 1 வோல்ட் கிடைத்தாலே இது 103 டெசிபெல் வரை ஒலிக்கும் என்பது நிறுவனம் தரும் கணக்கு. யுஎஸ்பி-சி துளையில் செருகும் சிறிய மாற்றி ஒன்றே அந்த 1 வோல்ட்டைக் கொடுத்துவிடுகிறது. ஹைஃபைமேனின் சுஸ்வாரா போன்ற சில மாடல்களுக்குச் சக்திவாய்ந்த ஆம்ப்ளிஃபையர் கட்டாயம் வேண்டும். என்னுடையதற்கு வேண்டியிருக்கவில்லை.

இந்த மாடலில் மிகத் தாழ்ந்த சுருதிகள் இயல்பாகவே சற்றுக் குறைவு. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஈக்குவலைசர் மென்பொருளில் அந்தப் பகுதியை 4 டெசிபெல் கூட்டினேன். கூட்டும் அளவுக்கு மொத்த ஒலியளவைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் உச்ச ஒலிகள் சிதையும்.

கடைசியாக, தங்கையை நடுவராக வைத்து ஒரு சோதனை. ஒரே பாடலின் தரம் குறையாத கோப்பையும் 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பையும் ஒரே ஒலியளவில் அவள் மாற்றி மாற்றிப் போட, எது எதுவென்று நான் சொல்ல வேண்டும். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். “நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே அஞ்சு வருமே” என்று சிரித்தாள். ஒலியளவைச் சமமாக வைப்பது முக்கியம். சற்றே சத்தமாக ஒலிப்பதை ‘நல்ல ஒலி’ என்று நம் மூளை எளிதில் ஏமாந்து நம்பிவிடும். கடையில் இரண்டு கருவிகளை ஒப்பிடும்போதும் இதை மறக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது மின்விசிறியின் சுவிட்சுதான். இப்போது தங்கையும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அவள் படித்து முடிக்கும்வரை ஹெட்ஃபோனைத் தொடமாட்டேன். பிறகு சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கேட்பேன். வியர்க்கத்தான் செய்கிறது. ஆனால், முன்பு வைத்த ஒலியளவில் பாதிகூட இப்போது தேவைப்படுவதில்லை. மெல்லிய ஒலிகள் அமைதியில் தாமாகவே மேலெழுகின்றன.

வாங்க நினைப்பவர்கள் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள தி அடெல்ஃபி போன்ற, ஹை-ஃபை கடைகளுக்குப் பெயர்போன இடங்களில் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். உங்களுக்கு நன்கு பழகிய பாடல்களையும், அணிபவர் என்றால் மூக்குக்கண்ணாடியையும் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் அமைதியான நேரம் கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள். கிடைக்காது என்றால் மூடிய வகையே உங்களுக்கு ஏற்றது.

காதுமெத்தைக்கும் மாற்றிக்கும் சேர்த்து எனக்கு 100 வெள்ளிகூட ஆகவில்லை. அந்த 900 வெள்ளி இன்னும் வங்கியில் இருக்கிறது.

சென்ற வாரம் தங்கையும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதே வயலின்களைக் கேட்டாள். “இவ்வளவு மெதுவா வெச்சும் எல்லாம் கேட்குதே” என்றாள். பாட்டு முடியும்வரை மின்விசிறியைப் போடச் சொல்லவில்லை.