சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

என் அத்தைக்கு மாத்திரையில் சர்க்கரை அடங்கவில்லை என்று இன்சுலின் எழுதிக் கொடுத்தபோது அவருக்கு 68 வயது. "ஊசி மட்டும் வேண்டாம்ப்பா, மாத்திரையையே கூட்டித் தரச் சொல்லு" என்று ஒரு வாரம் மறுத்துவிட்டு, பிறகு அரை மனதாகச் சம்மதித்தார். மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனபோது காலையில் அவர் ஊசி போட்டுக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜன்னலோரம் நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோடுகளை எண்ணினார். தொப்புளுக்கு வலப்பக்கம் ஓர் இடத்தைத் தடவிப் பார்த்து, கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார்.

"தினமும் இப்படியா வலிக்குது அத்தை?"

"பழகிப்போச்சு, விடு."

சிரிஞ்சை வாங்கிப் பார்த்தேன். ஊசி அரை அங்குல நீளம். ஒன்பது நாளாக அதே ஊசி. ஏன் இதை வாங்கினீர்கள் என்று கேட்டால், "கடையில இதைத்தான் கொடுத்தாங்க" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்தப் பதில்தான். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு எந்த மருந்து, காலையில் எத்தனை யூனிட், இரவில் எத்தனை யூனிட் என்பதெல்லாம் சீட்டில் இருக்கும். எந்த சிரிஞ்ச் என்பது பெரும்பாலும் இருக்காது. அதை மருந்துக்கடையில் கைக்குக் கிடைத்த பெட்டி முடிவு செய்கிறது. அத்தை பழகிக்கொண்ட வலி, பழகிக்கொள்ளத் தேவையே இல்லாத வலி.

பாட்டிலில் ஓர் எண், சிரிஞ்சில் ஓர் எண்

வலியைப் பிறகு பார்ப்போம். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லியில் 40 யூனிட். இதை யு-40 என்கிறோம். மற்றொன்றில் ஒரு மில்லியில் 100 யூனிட், அது யு-100. பாட்டில் ஒட்டுச்சீட்டிலேயே '40 ஐ.யு.' அல்லது '100 ஐ.யு.' என்று அச்சிட்டிருக்கும். இந்தியாவில் பாட்டிலில் பரவலாகப் புழங்குவது யு-40. பேனாவில் போடும் மருந்துக் குழாய்கள் பெரும்பாலும் யு-100.

சிரிஞ்சும் அதேபோல இரண்டு வகை. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மாலை வெளிச்சத்தில், கண்புரை உள்ள கண்ணுக்கு, இந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின் உடலில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் படிக்க வேண்டும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். மருத்துவர் 20 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார். பாட்டில் யு-40, கையில் இருப்பது ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. அதில் இருப்பது வெறும் 8 யூனிட். நோயாளி தவறாமல் ஊசி போடுகிறார், சாப்பாட்டையும் குறைக்கிறார், சர்க்கரை மட்டும் 300-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. "இன்சுலினும் எனக்குக் கேட்கலை" என்று மனம் உடைந்து பேசுவார். பிழை மருந்திலும் இல்லை, உடம்பிலும் இல்லை.

தலைகீழாக நடந்தால் உயிருக்கே ஆபத்து. யு-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது 0.5 மில்லி, அதாவது 50 யூனிட். சொன்ன அளவைப்போல இரண்டரை மடங்கு. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவு தப்பிப் போகும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிடும்.

இந்த இரண்டாவது விபத்து நடக்க வழி எளிது. பேனா பழுதாகிவிடுகிறது, உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறது, வீணாக்க மனமில்லாமல் வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிப் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். முதலில் சொன்ன, அளவு குறையும் பிழைக்கு ஒரு வழி, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை அன்போடு வாங்கிவரும் சிரிஞ்சுப் பெட்டி. அமெரிக்காவில் விற்பவை யு-100 சிரிஞ்சுகள். நம் வீட்டு யு-40 பாட்டிலுக்கு அவை பொருந்தாது.

மில்லிக் கணக்கில் மட்டும் கோடு போட்ட சாதாரண 1 மில்லி சிரிஞ்சும் இன்சுலினுக்கு உதவாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால் அவசரத்துக்கு அதை எடுத்துவிடுகிறார்கள்.

தோல் எவ்வளவு தடிமன்?

இப்போது வலிக்கு வருவோம். இன்சுலின் போய்ச் சேர வேண்டிய இடம் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலம். தசைக்குள் போகக் கூடாது. தசைக்குள் போனால் வலிக்கும். அது மட்டுமல்ல, மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டு, எதிர்பாராத நேரத்தில் சர்க்கரை இறங்கும்.

பெரியவர்களின் தோல், ஊசி போடும் இடங்களில், சராசரியாக 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆள் ஒல்லியோ பருமனோ, இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. 'எனக்கு உடம்பு கனம், பெரிய ஊசிதான் சரிப்படும்' என்ற நம்பிக்கை தவறு என்பது இதிலிருந்தே புரியும். 2015-இல் ரோம் நகரில் 54 நாடுகளைச் சேர்ந்த 183 நிபுணர்கள் கூடி, ஊசி போடும் முறை பற்றிப் பரிந்துரைகளை வகுத்தார்கள். பேனா ஊசியில் 4 மில்லிமீட்டர் நீளமே பெரியவர்கள் அனைவருக்கும் போதும் என்பது அதில் முக்கியமான ஒன்று.

சிரிஞ்சில் அவ்வளவு குட்டையான ஊசி வராது. பாட்டிலின் ரப்பர் மூடியைத் துளைத்து மருந்தை எடுக்க வேண்டுமே. சிரிஞ்சில் கிடைப்பவற்றில் குட்டையானது 6 மில்லிமீட்டர், அடுத்து 8, பழைய வகை 12.7. என் அத்தையிடம் இருந்தது கடைசி வகை. 6 மில்லிமீட்டர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். 8 மட்டுமே கிடைத்தால், ஒல்லியானவர்கள் சாய்த்து, அதாவது 45 டிகிரிக் கோணத்தில் குத்த வேண்டும்.

எந்த நீளமானாலும் சிரிஞ்சில் போடும்போது தோலைத் தூக்கிப் பிடிப்பது நல்லது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்; வேண்டுமானால் நடுவிரலையும் சேர்த்துக்கொள்ளலாம். கை முழுவதும் சேர்த்துக் கொத்தாக அள்ளிப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். ஊசியை வெளியே எடுக்கும் வரை பிடியை விட வேண்டாம்.

எண் கூடினால் ஊசி மெலியும்

பெட்டியில் '31ஜி' அல்லது '30ஜி' என்று எழுதியிருக்கும். இது ஊசியின் பருமனைச் சொல்லும் எண். எண் கூடக் கூட ஊசி மெல்லியது. 30ஜி ஊசியின் குறுக்களவு சுமார் 0.3 மில்லிமீட்டர், 31ஜி சுமார் 0.25. பார்வைக்கு ஒன்றுமில்லாத இந்த வித்தியாசம் குத்தும்போது தெரியும். 31ஜி, 6 மில்லிமீட்டர் என்ற சிரிஞ்சை அத்தைக்கு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஊசியை எடுத்துவிட்டு, "போட்டாச்சா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கோட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

யு-100 சிரிஞ்சில் 1 மில்லி, அரை மில்லி, 0.3 மில்லி என்று அளவுகள் உண்டு. 1 மில்லி சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு பொதுவாக 2 யூனிட்டைக் குறிக்கும். உங்கள் அளவு 13 யூனிட் என்றால் இரண்டு கோட்டுக்கு நடுவே உத்தேசமாக நிறுத்த வேண்டியிருக்கும். ஒரு கோட்டுக்கு ஒரு யூனிட் காட்டும் அரை மில்லி சிரிஞ்ச் உங்களுக்கு வசதி. புது பிராண்ட் வாங்கினால் முதல் வேலையாக ஒரு கோடு எத்தனை யூனிட் என்று எண்ணிப் பாருங்கள்.

உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரில் இரண்டு விளிம்புகள் தெரியும். ஊசிக்குப் பக்கத்தில் உள்ள விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதுதான் அளவு. பின் விளிம்பைப் பார்த்து அளந்தால் கணக்கு தவறிவிடும். சிரிஞ்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் ஒருவர் அளந்து கொடுப்பதே பாதுகாப்பு; சர்க்கரை நோயே கண்ணைப் பாதிக்கும் நோய் என்பதால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மழுங்கிய ஊசியின் கதை

1922 ஜனவரியில் டொராண்டோவில் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள், கண்ணாடிச் சிரிஞ்சைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டித்தான் நோயாளிகள் காலம் தள்ளினார்கள். இன்றைய பிளாஸ்டிக் சிரிஞ்ச் அப்படி அல்ல. அது ஒரே ஒரு முறைக்கென்று செய்யப்பட்டது. ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்குவதற்காக அதன்மேல் சிலிக்கோன் பூச்சு இருக்கும். ஒரு முறை ரப்பர் மூடியையும் தோலையும் துளைத்ததும் அந்தப் பூச்சும் நுனியின் கூர்மையும் குறையத் தொடங்குகின்றன. சுத்தம் என்று நினைத்து ஸ்பிரிட்டால் ஊசியைத் துடைத்தால் பூச்சு இன்னும் சீக்கிரம் போகும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஊசி என்றால் மாதம் 60 சிரிஞ்ச். தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது சுமைதான். அத்தை ஒன்பது நாள் ஓட்டியதும் சிக்கனத்துக்காகத்தான்; அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சுமையை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்குகிறவர்கள் சிரிஞ்சும் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது மட்டும், கணவன் மனைவியாக இருந்தாலும், எந்த நிலையிலும் கூடாது. ரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் அப்படித்தான் தொற்றுகின்றன.

வயிற்றில் தட்டுப்படும் கட்டி

அத்தை குத்துவதற்கு முன் ஓர் இடத்தைத் தடவினார் என்றேனே, அங்கே விரல் வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் சின்ன எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு மேடு. "அங்க போட்டா வலி கம்மியா இருக்கு" என்றார். அது உண்மையும்கூட. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதால் கொழுப்பு திரண்டு உண்டாகும் கட்டி அது. பழைய ஊசியைத் திரும்பப் பயன்படுத்துவதும் அதை வளர்க்கும். உணர்ச்சி குறைந்த இடம் என்பதால் வலிக்காது. ஆனால் அங்கே போட்ட மருந்து ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் உறிஞ்சப்படும். சர்க்கரை ஏறி இறங்கி ஆட்டம் காட்டும்.

வயிற்றைத் தொப்புளைச் சுற்றி நான்கு பாகமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாகம் என்று மாற்றுங்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, முந்தைய ஊசியிலிருந்து ஒரு விரல் தள்ளி அடுத்ததைப் போடலாம். தொடையின் மேற்பகுதியில் வெளிப்பக்கமும் புட்டமும் மற்ற இடங்கள். கட்டி இருந்த இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது மருந்து முழுவதும் வேலை செய்யத் தொடங்கும். அதே அளவைப் போட்டால் சர்க்கரை கீழே இறங்கலாம். அத்தைக்கு மருத்துவர் அளவைக் குறைத்த பிறகே இடத்தை மாற்றினோம்.

இன்னும் சில சின்ன விஷயங்களும் வலியைக் குறைக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குளிரக் குளிரப் போட்டால் கடுக்கும். சற்று நேரம் வெளியே வைத்துப் போடுங்கள். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகு குத்துங்கள், இல்லையென்றால் எரியும்.

மூடி போட்டுக் குப்பையில் எறியாதீர்கள்

பயன்படுத்திய ஊசியின் மூடி சாக்குப் பையில் கழன்றுவிடும். பையைத் தூக்கிக் கொட்டும் தூய்மைப் பணியாளரின் விரலில் ஊசி ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், பழைய சலவைத்தூள் டப்பாவானாலும் சரி, ஊசிகளைச் சேர்த்து, இறுக மூடி, 'ஊசி' என்று எழுதி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுப்பது இன்னும் நல்லது.

கடையில் இப்படிக் கேளுங்கள்

"இன்சுலின் ஊசி கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். காலி பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டி, "இதுக்கு நாற்பது யூனிட் சிரிஞ்ச், முப்பத்தொண்ணு ஜி, ஆறு எம்.எம்." என்று கேளுங்கள். உங்கள் பாட்டில் யு-100 என்றால் நூறு யூனிட் சிரிஞ்ச் கேளுங்கள். அந்த வகை இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறவர் இருந்தால், இன்றைக்கே பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களைப் படித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் பதறி நீங்களாகவே சிரிஞ்சை மாற்றிப் பழைய கோடு வரை இழுத்துவிட வேண்டாம். இத்தனை நாள் உடம்புக்குள் போன அளவு வேறு, இனிப் போகும் அளவு வேறு. அடுத்த ஊசிக்கு முன்னால், அந்தப் பாட்டிலோடும் சிரிஞ்சோடும் மருத்துவரைப் பாருங்கள்.