நாம் இந்நாட்டிற்கு வந்த வழி

"நாம் ஏன் அமெரிக்காவிற்கு வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது, "வேலைக்காக" என்னும் ஒரு சொல்லில் விடையை முடித்துவிடுகிறோம். அது பொய்யன்று; ஆயினும் முழு விடையும் அன்று. கல்வியும் உழைப்பும் மட்டும் ஒருவரைக் கடல் கடத்திவிடுவதில்லை. வந்து சேரும் நாட்டின் சட்டமும் இடம் தரவேண்டும்.

1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடங்களே. 1965 அக்டோபர் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டம், பிறந்த நாட்டை வைத்து இடம் பகுக்கும் பழைய முறையை நீக்கி, குடும்ப உறவிற்கும் தொழில் திறமைக்கும் முதன்மை தந்தது. அதன் பின்னரே நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் வரத் தொடங்கினர். கிண்டியிலும் திருச்சியிலும் கோவையிலும் மக்களின் வரிப்பணத்தால் நடந்த கல்லூரிகள் அவர்களுள் பலரை உருவாக்கியவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி விசாவை ஏற்படுத்தி, ஆண்டுக்கு 65,000 என வரம்பிட்டது. ஆண்டினை இரண்டு இலக்கங்களில் குறித்த பழைய கணிப்பொறி நிரல்களை 2000 பிறக்குமுன் திருத்தவேண்டிய தேவையும், இணையத்தின் வளர்ச்சியும் ஆள் தேவையைப் பெருக்கின. வரம்பு 1999இல் 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்ந்து, 2004இல் மீண்டும் 65,000 ஆயிற்று. இந்நாட்டில் முதுகலைப் பட்டம் பெற்றோர்க்குப் பின்னர் 20,000 இடங்கள் சேர்க்கப்பட்டன. ஒரே கல்லூரியில் ஒரே பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் வந்ததற்கும் மற்றவர் வாராமைக்கும் அவ்வாண்டின் வரம்பே காரணமாக இருந்திருக்கலாம்.

வந்தபின்னும் காத்திருப்பு முடிவதில்லை. வேலைவழி நிரந்தரமாகக் குடியேறுவதற்குரிய பச்சை அட்டைகள், மனைவி மக்களையும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 ஆகும். பொதுவாக, எந்த ஒரு நாட்டில் பிறந்தோர்க்கும் 7 விழுக்காட்டிற்கு மேல் இல்லை. ஐஸ்லாந்திற்கும் 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவிற்கும் இவ்வரம்பு ஒன்றே. ஆதலின் இந்தியர் வரிசை பல ஆண்டுகள் நீள்கிறது. இடையில் வேலை போனால், வேறு வழி காண்பதற்குப் பொதுவாக 60 நாள்களே உண்டு. பட்டம் பெற்ற தாய்மார் பலர் பணிக்குச் செல்ல இயலாதிருந்தனர். 2015இல் அவர்களுள் ஒரு சாராருக்கே அனுமதி கிடைத்தது.

இவ்வரிசையின் சுமை பிள்ளைகள் மீதும் விழுகிறது. பெற்றோரைச் சார்ந்த விசா 21 வயதில் முடிவுறும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் வயதுக் கணக்கில் சிறிது சலுகை தந்தபோதிலும், அனைவரையும் அது காக்கவில்லை. சென்னையில் பிறந்த அக்காள் 21 வயதை அஞ்சியிருக்க, நியூஜெர்சியில் பிறந்த தம்பி குடிமகனாக இருக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் தோழிக்கும் இக்கவலை இருக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோர் எந்த ஆண்டு, எந்த விசாவில் வந்தனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெற்றோரே, மறைக்காமல் சொல்லுங்கள். கதவு அகலத் திறந்திருந்த காலத்தில் வந்தோர், வரிசையில் நிற்போரைத் திறமை குறைந்தவர் என எண்ணாது, அறிந்த வழிகளைக் கூறி உடன் நிற்பது நம் கடமையாகும்.