பல் உள்ள கத்தியா? பல் இல்லாத கத்தியா?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் கத்திக்கு ஓய்வே கிடையாது. ஒருவர் இளநீர் சீவுகிறார். ஒருவர் பலாப்பழம் பிளக்கிறார். இன்னொருவர் வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாக அறுக்கிறார். அந்தக் கத்திகளைப் பாருங்கள். பெரும்பாலும் வாய் வழவழப்பாக இருக்கும். பல் இருக்காது.

நகரத்தைத் தாண்டி ராமநகரம், கோலார் பக்கம் போனால் கேழ்வரகு வயல்கள். அங்கே அறுவடை அரிவாளைக் கன்னடத்தில் குடுகோலு என்பார்கள். பல் வைத்த அரிவாளும் உண்டு. தமிழில் அதற்குக் கருக்கு அரிவாள் என்று பெயர். பனை மட்டையின் ஓரத்தில் கருக்கு இருக்கிறதல்லவா? அதே மாதிரிதான்.

ஒரு வேலைக்குப் பல் வேண்டாம். இன்னொரு வேலைக்குப் பல் வேண்டும். ஏன்?

பல் இல்லாத கத்தியை அழுத்தினால் வெட்டும். வெட்டு நேராக, சுத்தமாக விழும். காய், கீரை, இறைச்சி, வாழை இலை எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. நம் வீட்டு அரிவாள்மணைக்கும் பல் இல்லை.

பல் உள்ள கத்தி ரம்பம் போல வேலை செய்யும். பல்லின் நுனிதான் முதலில் பொருளைத் தொடுகிறது. கையின் பலம் முழுவதும் அந்தச் சின்ன நுனியில் இறங்குகிறது. அதனால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். தாளைக் கைப்பிடியாகப் பிடித்து இழுத்தால் போதும். அரிவாளை ஓங்க வேண்டாம். நாள் முழுவதும் குனிந்து அறுக்கும் பெண்களுக்கு மணிக்கட்டு வலி குறையும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் 'நவீன்' என்ற அரிவாளை உருவாக்கியது. அதற்கும் பல் உண்டு.

பிரெட்டும் அப்படித்தான். பெங்களூரில் ஐயங்கார் பேக்கரி இல்லாத தெரு உண்டா? சிக்பேட்டையில் 1898இல் தொடங்கிய கடைதான் இதற்கெல்லாம் முன்னோடி. பிரெட்டின் மேல்தோல் கெட்டி. உள்ளே பஞ்சு. சாதாரணக் கத்தியை அழுத்தினால் பிரெட் நசுங்கிவிடும். பல் உள்ள நீளக் கத்தி நசுக்காமல் அறுக்கும். நன்றாகப் பழுத்த தக்காளிக்கும் இது நல்லது.

ஆபத்து வேளையில் எது உதவும்? 2022 செப்டம்பரில் பெங்களூரில் பெருமழை. சாலைகளில் வெள்ளம். மக்களைப் படகிலும் டிராக்டரிலும் மீட்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் நனைந்த கயிற்றை அறுக்க வேண்டி வரலாம். மழுங்கிய சாதாரணக் கத்தி அதில் வழுக்கும். பல் உள்ள கத்தி நாரைக் கவ்வி அறுக்கும்.

ஆனால் கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிறு இறுகிவிட்டால்? அங்கே பல் வேண்டாம். தோல் கிழிந்துவிடும். கயிற்றுக்கு உள்ளே விரலை விட்டுக் கொஞ்சம் தூக்குங்கள். கூரான சாதாரணக் கத்தியை நுழைத்து, வாயை வெளிப்பக்கம் திருப்பி அறுங்கள்.

பாதி பல், பாதி வழவழப்பு என்று சில கத்திகள் விற்கிறார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும். சின்னக் கத்தியில் இரண்டுக்குமே இடம் போதாது. ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால் பல் இல்லாததையே வாங்கலாம். வீட்டிலும் உதவும், வழியிலும் உதவும்.

தீட்டுவதையும் யோசிக்க வேண்டும். சாதாரணக் கத்தியை வீட்டுக் கல்லிலேயே தீட்டலாம். தெருவில் வரும் சாணைக்காரரிடமும் கொடுக்கலாம். பல் உள்ள கத்தியைச் சுழலும் சாணையில் வைத்தால் பல் தேய்ந்து போகும். சின்ன உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல் இடுக்கையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். அதுவும் பல் வெட்டிய பக்கத்தில் மட்டும். ஆனால் இடுக்குகள் எளிதில் மழுங்காது. அதனால் அடிக்கடி தீட்ட வேண்டி வராது.

பல் உள்ள கத்தி பட்டால் தோல் பிய்ந்து கிழியும். ஆற நாளாகும். மழுங்கிய கத்தியும் ஆபத்துதான். அதிகமாக அழுத்துவோம், வழுக்கிக் கையில் இறங்கும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றதும் காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் வைக்காதீர்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய், டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.