சென்னை எங்க முடியுது?

வெள்ளிமலையில இருந்து சென்னைக்கு வேலைக்குப் போற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, புரோக்கர் காட்டுற வீடு சென்னைக்குள்ளதான் இருக்கா?"

சின்னக் கேள்விதான். ஆனா சென்னைக்கு ஒரே ஒரு எல்லைக்கோடு கிடையாது.

முதல்ல சென்னை மாநகராட்சி: 426 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்புப்படி அதுக்குள்ள சுமார் 67 லட்சம் பேர். அடுத்தது, சி.எம்.டி.ஏ. பார்க்கிற பெருநகரப் பகுதி: 1,189 சதுர கிலோமீட்டர், 86 லட்சத்துக்கு மேல. 2022 அக்டோபர்ல அந்தப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சாங்க. அரக்கோணம் பக்கம் வரைக்கும் போயிடுச்சு. நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டமே மொத்தம் 3,520தான்!

பாரிஸும் இப்படித்தான். நகரம் மட்டும்னா 105 சதுர கிலோமீட்டர், சுமார் 21 லட்சம் பேர். சுத்தி இருக்கிற இல்-து-பிரான்ஸ் மண்டலத்தையும் சேர்த்தா 12,000 சதுர கிலோமீட்டர், 1.2 கோடிப் பேர். அதனால "எந்த ஊர் பெருசு?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, எந்தக் கோடுன்னு கேட்கணும்.

சரி, தம்பிக்கு இதுல என்ன? சி.எம்.டி.ஏ. கோடு மாஸ்டர் பிளானுக்கும் கட்டட அனுமதிக்கும்தான். குப்பை அள்ளுறது, தெருவிளக்கு போடுறது எல்லாம் அந்தந்த உள்ளாட்சியோட வேலை. தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனி மாநகராட்சியே இருக்கு. பெருநகரத்துக்குள்ள இருக்கிற பல இடங்கள் இன்னும் ஊராட்சிதான்.

அதனால "சென்னைக்கு மிக அருகில்"னு யாராவது சொன்னா, அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க: "இது மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா?"