கரணமும் கூடிவாழ்தலும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வந்து இறங்கும் இடத்தில், லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் உளது. அதனை அடுத்த பளியன்குடியினின்று மேலேறும் காட்டுவழி மங்கலதேவிக் கோட்டத்திற்குச் செல்வது. சித்திரை முழுநிலா நாளில் பெருந்திரளான மக்கள் அவ்வழியே ஏறிக் கண்ணகியை வழிபடுகின்றனர். இளங்கோவடிகள் குறித்த கோட்டம் இதுவே என 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆராய்ந்து காட்டினார். கொடுங்கல்லூரே அவ்விடம் என்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு நமக்கு வேண்டா.

நாம் கருதுவது வேறொன்று. கற்புக் கடவுளின் கோட்டத்திற்கு வழி தொடங்கும் ஊர், பளியர் என்னும் மலைமக்கள் பெயரால் வழங்குகின்றது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை தென்தமிழ்நாட்டு மலைச்சாரல்களில் பளியரிடைத் தங்கி ஆராய்ந்தவர். ஆணும் பெண்ணும் சடங்கு யாதுமின்றிக் கூடிவாழத் தொடங்கும் வழக்கம் அவரிடை உண்டென்பதையும், மனம் ஒவ்வாதவழி இருவருள் எவரும் தடையின்றிப் பிரியலாம் என்பதையும் அவர் எழுதியுள்ளார். அம்மக்களை ஊரார் ஒழுக்கம் குன்றியவர் எனக் கூறின், அது நூல்நெறி அறியாதார் கூற்றேயாம். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மணமின்றிச் சேர்ந்து வாழ்தல் பற்றிய சொற்போர் 2005-இல் தமிழ்நாட்டில் எழுந்தபோது, கற்பு என்னும் சொல்லே இரு திறத்தார் வாயிலும் அடிபட்டது. இத்தகைய வாழ்வு தமிழ்மரபுக்கு முற்றும் புறம்பானது என்பர் ஒரு சாரார். பண்டைத் தமிழர் போற்றிய களவே இது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா.

களவில் தலைவனும் தலைவியும் ஓரில்லத்தில் உறைவதில்லை. பகற்குறியும் இரவுக்குறியும் அவர்தம் கூட்டத்திற்கு இடமாவன. தாயும் அறியாள்; ஊரும் அறியாது; அலர் எழுந்தபின் அவ்வொழுக்கம் நெடிது நில்லாது. இறையனார் களவியல் அதற்குத் திங்கள் இரண்டே எல்லையாக வகுத்தது. மறைவே உயிராக உடைய ஒழுக்கத்தை, ஊரறிய ஒரு மனையில் வாழ்தலோடு ஒப்பிடுதல் எங்ஙனம் பொருந்தும்? கூடிவாழ்தலுக்கு அகப்பொருளில் இனம் தேடுவார் களவை விட்டு உடன்போக்கை நோக்குதல் வேண்டும்.

தொல்காப்பியர் கற்பியலின் முதல் நூற்பாவில், கொடுத்தற்குரியார் கரணத்தொடு கொடுப்பத் தலைவன் தலைவியைக் கொள்வதே கற்பு என்றார். ஆயினும் அடுத்த நூற்பாவிலேயே, இருவரும் உடன்போயவிடத்துக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் நிகழும் என விலக்கு அமைத்தார். செய்யுளியலிலோ இன்னும் ஒருபடி மேற்சென்று, மறைந்த ஒழுக்கம் வெளிப்படுதலையும் சுற்றத்தாரிடமிருந்து பெறுதலையும் கற்பின் தொடக்கமாக அடுத்தடுத்து வைத்தார். வெளிப்படுதல் முன்னும் பெறுதல் பின்னும் நின்ற இவ்வைப்புமுறையை மாணவர் ஊன்றி நோக்குதல் தகும். நாற்கவிராச நம்பியும் உடன்போக்கின்பின் சுற்றத்தார் எழுப்பும் ஆரவாரத்திற்குக் கற்பொடு புணர்ந்த கவ்வை எனப் பெயரிட்டார். சடங்கு நிகழாத அந்நிலையிலும் கற்பு என்னும் சொல் வந்துவிட்டது! ஐங்குறுநூற்றிலோ, மகள் உடன்போயபின் தலைவன் மனையில் சிலம்புகழி நோன்பு நிகழ்ந்துவிட, மணவிழாவையேனும் எம்மனையில் நிகழ்த்தலாகாதா என ஏங்கும் தாயைக் காண்கிறோம். ஆண்டு வாழ்வு முந்துகிறது; விழா பிந்துகிறது.

அங்ஙனமாயின் கரணம் எதற்கு? பொய்யும் வழுவும் தோன்றியபின் வகுக்கப்பட்டது அது என்பது தொல்காப்பியர் விடை. செய்ததை மறைத்தல் பொய் எனவும், செய்ததன்கண் நிலைநில்லாது தவறுதல் வழு எனவும் இளம்பூரணர் விளக்கினார். ஆசிரியர் பாவம் என்றோ தீட்டு என்றோ கூறாமையே நாம் வற்புறுத்தும் செய்தியாகும். அவர் கண்ட குறை நம்பிக்கையின் குறை. கரணம் அதற்கு இட்ட காப்பு.

அப்பொய்க்கு நேரிய சான்று அகநானூற்று 256-ஆம் பாடலில் உளது. கள்ளூரில் ஒருவன் ஒருத்தியின் நலனை நுகர்ந்துவிட்டு, அவளை அறியேன் எனச் சூளுரைத்தான். அவையத்தார் சான்றோரை வினவி உண்மை தேர்ந்தனர். அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். அவன் கூடினான் என்பதற்கன்று, மறுத்தான் என்பதற்கே அவ்வொறுப்பு. அப்பெண்ணை எவரும் பழித்ததாகப் பாடலில் இல்லை.

சிலப்பதிகாரத்தில் இக்காப்பின் அளவும் எல்லையும் ஒருங்கே புலப்படும். கண்ணகியை முதுபார்ப்பான் மறைவழி காட்டத் தீவலஞ் செய்து மணந்தான் கோவலன். மாதவியொடு அத்தகைய கரணம் இல்லை. ஆயினும் ஊரறிய வாழ்ந்தான். பிறந்த மகளுக்குத் தன் குலத்தைக் காத்த கடல்தெய்வத்தின் பெயரையே இட்டான். அவன் இருவரையும் பிரிந்தான். ஆகவே கரணம் கணவனைக் கட்டிநிறுத்தும் கயிறன்று. வேறுபாடு பின்னர்த் தோன்றுகிறது. மாதவிக்கு ஓலை விடுப்பதன்றி வேறு வழியில்லை. கண்ணகியோ பாண்டியன் அவையில் நின்று, கோவலன் மனைவி எனத் தன்னை அறிவித்து முறை கேட்கிறாள். அவையேறும் உரிமையை அச்சொல் அவளுக்கு அளித்தது.

இன்றைய சட்டமும் இவ்விடத்திலேயே வந்து நிற்கின்றது. வயதுவந்த இருவர் மணமின்றிக் கூடிவாழ்தல் குற்றமன்று என 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், மணத்தின் இயல்பை ஒத்த உறவில் வாழ்ந்தவளுக்கும் காப்பளிக்கிறது. அவ்வியல்பு யாது என்னும் வினா, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2010 அக்டோபரில் எழுந்தது. மணத்திற்குரிய வயதும் தகுதியும், தாமே விரும்பி நெடுநாள் கூடி வாழ்ந்தமையும் வேண்டும் என்ற நீதிமன்றம், சமுதாயத்தின்முன் கணவன் மனைவியர் போலத் தம்மைக் காட்டிக்கொண்டமையையும் வேண்டிற்று. இறுதியிற் கூறியது செய்யுளியல் கூறும் வெளிப்படுதலே அன்றோ? இந்நெறிப்படி மாதவிக்குக் காப்பு கிட்டாது. கோவலன் முன்னரே மணந்தவன். அவள்போன்றார் துயர் சட்டத்திலும் இன்னும் தீராதுள்ளது.

இனி, பளியரை மீண்டும் நோக்குவோம். சிறு குழுவாக, ஒருவரை ஒருவர் நாளும் கண்டு வாழ்வாரிடை அறியேன் என்னும் பொய்க்கு இடமில்லை. பிரிந்தவளும் தன் கையால் கிழங்ககழ்ந்து உண்ணவல்லள். ஆதலின் பிரிவு அவளைக் கைவிடுதல் ஆகாது. பொய்யும் வழுவும் தோன்றாத இடத்தில் கரணம் தோன்றாமை தொல்காப்பியர் கருத்தொடு முற்றும் இயைவதே. ஊரை அடுத்துக் கூலிக்கு உழைத்து வாழத் தொடங்கிய பளியரிடை ஊர்ச்சடங்குகள் பரவியதும் இக்காரணம் பற்றியே எனக் கருதுகிறோம். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், மைய அரசு தனியே ஆணையிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினர்க்குப் பொருந்தாது. அப்பட்டியலில் உள்ள பளியர்க்கு வழக்கமே சட்டம். அவர்தம் மொழியில் கூடிவாழ்தலுக்கும் மணத்திற்கும் வெவ்வேறு சொற்கள் உளவா, ஒரே சொல் உளதா என்பதை நம் மாணவர் நேரிற் சென்று கேட்டு வருதல் வேண்டும்.