புதிய பதிப்பும் மீள்சோதனையும்: மலையாளச் சில்லெழுத்து வழி ஒரு விளக்கம்

1. முன்னுரை

நூல் ஒன்றின் புதிய பதிப்பு வெளிவந்த பின்னரும் அதன் பழைய பதிப்பு நூலகத்தில் மாறாமல் இருக்கும். மென்பொருளின் நிலை அவ்வாறன்று. முந்தைய பதிப்பின் காலத்தில் எழுதிச் சேமிக்கப்பட்ட ஆவணங்களையும் புதிய பதிப்பே படித்தாக வேண்டும். ஆகவே புதிய பதிப்பை வெளியிடுவோர் புதியன சேர்ப்பதோடு, முன்பு சரியாக இருந்தவை இப்போதும் சரியாக உள்ளன என்பதையும் உறுதி செய்யக் கடமைப்பட்டவர் ஆவர். அதற்குரிய கருவியே சோதனைத் தொகுப்பு. மொழி மென்பொருளுக்கான சோதனைத் தொகுப்பை ஆக்குவதில் மொழியறிவின் பங்கு யாது என்பதை, மலையாளச் சில்லெழுத்துகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

2. திருவனந்தபுரத்துப் பின்னணி

கேரள அரசின் 1971ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் கூட்டெழுத்துகள் பலவற்றைப் பிரித்து எழுதச் செய்தது. மரபு வரிவடிவங்களைக் கணிப்பொறியில் மீட்கும் நோக்குடன் 1999இல் திருவனந்தபுரத்தில் 'ரசனா' இயக்கம் தோன்றியது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில், அந்நகரிலேயே தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் கேரளத்தில் 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தன்னார்வக் குழு உருவாயிற்று. எழுத்துச் சிக்கலும் கட்டற்ற மென்பொருளும் இவ்வாறு ஒரே காலத்தில் ஒரே சூழலில் விவாதிக்கப்பட்டன. கட்டற்ற மென்பொருளில் மூலநிரல் மட்டுமன்றிச் சோதனைத் தொகுப்பும் அனைவருக்கும் திறந்திருக்கும். மொழியறிந்த எவரும் அதில் ஒரு சோதனையைச் சேர்க்க முன்வரலாம்.

3. சோதனையின் அமைப்பு

சோதனை ஒவ்வொன்றும் மூன்று கூறுகளை உடையது. அவை: உள்ளீடு, அதன்மேல் நிகழும் செயல், எதிர்பார்க்கும் விடை. எழுத்துகளைத் திரையில் வரிசைப்படுத்தி அமைக்கும் 'ஹார்ஃப்பஸ்' என்னும் திறந்த மூல மென்பொருளில், எழுத்துரு, குறியெண் வரிசை, தோன்ற வேண்டிய வடிவங்களின் வரிசை ஆகியன ஒரே வரியில் தரப்படுகின்றன. பிழை ஒன்று திருத்தப்படும்போது அப்பிழைக்குரிய சோதனையும் தொகுப்பில் சேர்க்கப்படும். அடுத்தடுத்த பதிப்புகள் வெளியாகும் முன் அனைத்துச் சோதனைகளும் மீண்டும் நடத்தப்படும். இதனை மீள்சோதனை எனலாம். பழைய பிழை திரும்பி வருவதைத் தடுப்பதே இதன் பயன்.

4. சில்லெழுத்தும் குறியேற்றமும்

உயிர் ஏறாத மெய்யைச் சொல்லிறுதி முதலிய இடங்களில் குறிக்கும் தனி வடிவங்கள் மலையாளத்தில் சில்லு எனப்படும். யூனிகோடின் தொடக்கப் பதிப்புகளில் இவற்றுக்குத் தனிக் குறியெண் இல்லை. மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தோன்றாத இணைப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்தே சில்லைக் குறித்தன. 2008 ஏப்ரலில் வெளிவந்த யூனிகோடு 5.1, ண், ன், ர், ல், ள், க் ஆகிய ஆறு சில்லுகளுக்கும் தனிக் குறியெண்களை வழங்கியது. பழைய முறையும் புதிய முறையும் சமம் என்று தரநிலை விதிக்கவில்லை. அதனால் திரையில் ஒன்றாகத் தோன்றும் ஒரு சொல் கணிப்பொறிக்கு இரு சொல்லாயிற்று.

இம்மாற்றத்தைக் குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தது. மாற்றத்தை ஆதரித்தோர் காட்டிய சான்று 'வன்யவனிக' என்பது. வன் + யவனிக எனப் பிரித்தால் பெரிய திரை. வன்ய + வனிக எனப் பிரித்தால் காட்டுச் சோலை. பழைய முறையில் இவ்விரண்டின் வேறுபாடு தோன்றா இணைப்பான் ஒன்றே. எதிர்த்தோர், ஒரே எழுத்துக்கு இரு குறியேற்றம் நிலவுவது தேடலையும் சொல்லடைவையும் குலைக்கும் என்றனர்.

5. விதிகளின் வரிசை

இச்சூழலில் தேடல் மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்று வெளியாவதாகக் கொள்வோம். தோன்றாக் குறிகளை நீக்கும் விதி ஒன்றும், பழைய சில்லைப் புதிய சில்லாக மாற்றும் விதி ஒன்றும் அதில் உள்ளன. நீக்கும் விதி முதலில் செயற்பட்டால் பழைய முறையில் எழுதிய 'அவன்' என்னும் சொல் இணைப்பானை இழந்து, சந்திரக்கலையில் முடியும். அவ்வடிவம் மலையாளத்தில் தமிழ்க் குற்றியலுகரத்தை ஒத்த ஒலியுடன் 'அவனுக்கு' என்றே பொருள்படும். எழுவாய் நான்காம் வேற்றுமையாகிவிடும். மாற்றும் விதி முதலில் செயற்படின் இப்பிழை நேராது. ஒலியனியலில் விதிவரிசை விளைவிக்கும் வேறுபாட்டை இது ஒத்தது.

விதிகளின் வரிசையை நிரலர் பிறிதொரு காரணத்திற்காக மாற்ற நேரலாம். மாற்றத்தின் தீங்கை அவர் கண்ணால் காண்பதற்கில்லை. பின்வரும் சோதனைகள் தொகுப்பில் இருப்பின் அது உடனே வெளிப்படும்:

அ) இருமுறையில் எழுதிய 'அவன்' ஒன்றாகக் கொள்ளப்பட வேண்டும்.
ஆ) 'அவன்' என்பதும் அதன் நான்காம் வேற்றுமை வடிவமும் வேறாக நிற்க வேண்டும்.
இ) வன்யவனிக என்பதன் இரு பிரிப்புகளும் ஒன்றாகிவிடக் கூடாது.
ஈ) 'என்றெ' (எனது) முதலிய ஆறாம் வேற்றுமை வடிவங்களில் வரும் 'ன்ற' கூட்டெழுத்து, யூனிகோடு 5.1 விதித்த வரிசையிலும் வழக்கிலுள்ள வரிசையிலும் ஒன்றாகவே உணரப்பட வேண்டும்.

விக்கிப்பீடியாவின் அடிப்படையான மீடியாவிக்கி மென்பொருளில் பழைய சில்லைப் புதியதாக மாற்றும் அமைப்பு மலையாளத்திற்கெனச் சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள தளத்தில் அதனை இயக்குவோர், பழைய தலைப்புகளைச் சீராக்கும் நிரலையும் இயக்க வேண்டும் என அதன் குறிப்பு அறிவுறுத்துகின்றது.

6. தமிழ் நிலை

தமிழும் இச்சிக்கலுக்கு விலக்கன்று. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரு குறியெண்ணாலும் இரு குறியெண்களாலும் எழுதலாம். ஆயினும் இவை சமம் எனத் தரநிலை விதித்துள்ளது. 'ஸ்ரீ' என்பதன் நிலை வேறு. 2005இல் யூனிகோடு 4.1 'ஶ' என்னும் எழுத்தைச் சேர்த்தபின், ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் அவ்வடிவத்தைப் பெற முடிகின்றது. இவை சமம் என விதிக்கப்படவில்லை. 'ஔ' என்னும் உயிரெழுத்தும், ஒகரமும் ளகரமும் அடுத்து வரும் 'ஒள' என்பதும் கண்ணுக்கு மயங்குவன. சொல்லடைவு, சொற்பிழை திருத்தி, மொழிபெயர்ப்பு நினைவகம் ஆகிய மூன்றிலும் இவற்றால் பிழை நேரக்கூடும்.

7. முடிவுரை

விதியை எழுதுவது நிரலர் பணி. எவை ஒன்று, எவை வேறு என வரையறுப்பது மொழியறிந்தோர் பணி. எழுவாய்க்கும் நான்காம் வேற்றுமைக்கும் இடையே தோன்றாக் குறி ஒன்றே நின்றது என்பதை நிரலை மட்டும் படித்து உணர இயலாது. மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் காணும் பிழைகள் முறையீடாக மட்டும் நின்றுவிடாமல், உள்ளீடும் எதிர்பார்க்கும் விடையும் கொண்ட சோதனைகளாக எழுதப்படின், அவை பின்வரும் பதிப்பு ஒவ்வொன்றையும் காக்கும்.